பாடாங் பெசாரிலிருந்து பேங்காக்: படுக்கை உண்டு, சாப்பாடு இல்லை

சென்ற புரட்டாசியில் 82 வயது அம்மாவைப் பினாங்கிலிருந்து பேங்காக்குக்கு ரயிலில் கூட்டிப்போய் வந்தேன். விமானத்தில் போனால் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடலாம் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. சீலோம் சாலையில் 19ஆம் நூற்றாண்டிலேயே நம்மவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலை நவராத்திரியில் பார்க்க வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று வழியில் வரும் நோங் பிளாடுக் நிலையம். அதைப் பிறகு சொல்கிறேன். வயதானவர்களோடு இந்த ரயிலில் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று, என்ன கிடைக்கிறது, என்ன கிடைப்பதில்லை என்பதை எழுதி வைக்கிறேன்.

முன்பெல்லாம் பேங்காக் ரயில் பட்டர்வொர்த்துக்கே வரும். பிற்பகல் இரண்டு மணி வாக்கில் கிளம்பும். தீவிலிருந்து ஃபெரியில் வந்தால் ஜெட்டியிலிருந்து நடந்தே போய் ஏறிக்கொள்ளலாம், மறுநாள் பேங்காக்கில் இறங்கினால் போதும். 2016 டிசம்பரில் அந்த ரயிலை எல்லையிலுள்ள பாடாங் பெசாரோடு நிறுத்திக்கொண்டார்கள். இப்போது பட்டர்வொர்த்தில் கொம்யூட்டர் என்ற உள்ளூர் ரயில் ஏறி இரண்டு மணி நேரம் போல உட்கார்ந்து, பாடாங் பெசாரில் சாமான்களோடு இறங்கி, கடப்பிதழ் காட்டி, வேறு ரயில் மாற வேண்டும். இரண்டு நாட்டுக் குடிநுழைவு முகப்பும் ஒரே நிலையத்தில் இருப்பது புண்ணியம். ஆனாலும் முட்டி வலியோடு வருகிறவருக்கு, போர்வை குறைந்தது தண்ணீர் குறைந்தது என்பதையெல்லாம்விட இதுதான் பெரிய குறை. அம்மா அந்த மாடிப்படிகளில் மூன்று முறை நின்று மூச்சு வாங்கினார்.

டிக்கெட்டை ஜார்ஜ்டவுனில் ஒரு பயண முகவரிடம் எடுத்தேன். பெயர் வேண்டாம். கடையில் கொடுத்த வண்ணத்தாளில் இரவுச் சாப்பாடு, காலைப் பசியாறல், தண்ணீர், முகம் துடைக்கத் துண்டு எல்லாம் சேர்த்தி என்று போட்டிருந்தது. அம்மா புரட்டாசி முழுக்க சைவம், இனிப்புநீருக்கு மாத்திரை போடுகிறவர், சாப்பிடாமல் போடக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன். "சைவம் எழுதிட்டேன்க்கா, கவலைப்படாதீங்க" என்றார் அந்தப் பெண். ரயிலில் எதுவுமே இல்லை. திரும்பி வந்து கேட்டபோது, அது பழைய தாள், இப்போது அந்த வசதியெல்லாம் எடுத்துவிட்டார்கள் என்று பதில். எடுத்துவிட்டது தெரிந்தும் பழைய தாளைக் கையில் கொடுத்து, சைவம் எழுதிவிட்டேன் என்று சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருந்தால் புளிச்சோறு கட்டிக்கொண்டு போயிருப்பேன்.

ரயில் நம் நேரம் ஆறு மணிக்கு, அவர்கள் நேரம் ஐந்துக்குப் புறப்படுகிறது. இரண்டாம் வகுப்புக் குளிர்சாதனப் படுக்கை. பகலில் எதிரெதிராக இருக்கும் இரண்டு இருக்கைகளை இழுத்துச் சேர்த்தால் கீழ்ப் படுக்கை. சுவரோடு மூடியிருப்பதை இறக்கினால் மேல் படுக்கை. கீழே அகலம் அதிகம், ஜன்னலும் உண்டு. மேலே விலை குறைவு, ஆனால் ஜன்னல் கிடையாது, நடைவழி விளக்கு கண்ணில் அடிக்கும், ஏணியில் ஏற வேண்டும். விரிப்பும் போர்வையும் உறையில் போட்டு வருகின்றன, வெளுத்த வாசனை அப்படியே இருக்கிறது. நாங்கள் போன வண்டியில் சாப்பாட்டுப் பெட்டி, அதாவது உணவு விற்கும் ரயில்பெட்டி, இல்லை. குடிக்கத் தண்ணீரும் தரவில்லை.

எல்லை தாண்டி, தாய்லாந்தின் ஹாட்யாய் நிலையத்தில் வண்டி நெடுநேரம் நின்றது. ஜன்னலுக்கு வெளியே தட்டுத் தட்டாகப் பொரித்த கோழி போனது. அம்மாவின் கையில் மாத்திரை டப்பா. நான் இறங்கிப் போய்த் தேடலாம் என்றால் அம்மாவைத் தனியே விட மனமில்லை. அப்போதுதான் எங்கள் பெட்டியின் படுக்கை பார்ப்பவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். அவருக்குத் தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது. கோழியைக் காட்டி 'வேண்டாம்' என்று கையசைத்தேன். அம்மாவைக் காட்டி, கைகூப்பிச் சாமி கும்பிட்டேன். புரிந்துகொண்டார். என்னிடம் நூறு பாட் வாங்கிக்கொண்டு நடைமேடையில் வேகமாக நடந்தவர், வாழைப்பழச் சீப்பும், இலையில் பொதிந்த பசைச்சோறும், தண்ணீரும் கொண்டுவந்து, மிச்சச் சில்லறையை எண்ணி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார்.

என் அப்பா ரயில்வேயில் இந்த வேலைதான் பார்த்தார். கோலாலம்பூருக்கும் பட்டர்வொர்த்துக்கும் ஓடிய இரவு மெயிலில் படுக்கைப் பெட்டி அவர் பொறுப்பு. ஒரு படுக்கைக்கு இரண்டு விரிப்பு, ஒரு தலையணை உறை, ஒரு போர்வை. காலையில் அவற்றை எண்ணி மூட்டை கட்டி ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். சட்டைப்பையில் ஒரு துண்டுத்தாள் இருக்கும். எந்தப் படுக்கை, எந்த நிலையம் என்று பென்சிலில் குறித்திருப்பார். ஈப்போவில் இறங்குகிறவரை அரை மணிக்கு முன்பே எழுப்ப வேண்டும், மறந்தால் அவர் கோலகங்சாரில்தான் கண்விழிப்பார். "ராத்திரி வண்டியில ஏறுறவன் தூக்கத்துக்குக் காசு கொடுக்கிறான்" என்பார். மின்சார ரயில் வந்தபின் அந்தத் தூரத்துக்கு நாலு மணி நேரம்தான், படுக்கைக்கே வேலையில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இரவு முழுக்க ஓடும் வண்டியில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக்கூடாது என்று கேட்டால், அப்பாவை வைத்துத்தான் பதில் சொல்வேன்.

சாப்பாட்டுப் பெட்டி போகட்டும். முன்கூட்டியே தெரிந்தால் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவது நமக்குப் பழக்கம்தான். துண்டு, பல்துலக்கி, இனிப்பு எல்லாம் போகட்டும். 2014இல் தாய்லாந்து ரயில்களில் மதுவைத் தடை செய்தார்களே, பெண்களாகப் பயணம் செய்கிற எங்களுக்கு அது நிம்மதியாகவே இருக்கிறது. ஆனால் விரிப்பையும் போர்வையையும் தொடக்கூடாது. கொரோனா வந்தபோது, 2020 மார்ச்சில், இந்தியாவில் குளிர்சாதனப் பெட்டிகளில் இவற்றை நிறுத்தி, 2022 மார்ச்சில்தான் திரும்பக் கொடுத்தார்கள். அந்த இரண்டு வருடமும் மதுரையில் என் சித்தி மகன் பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகும்போதெல்லாம் வீட்டுக் கம்பளியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனான். நோய் பரவாமலிருக்கச் செய்தது, சரி. வெறும் செலவைக் குறைக்க ஒருவர் அதைச் செய்தால் அந்த வண்டியில் ஏறாதீர்கள். தண்ணீரும் அப்படித்தான். ராத்திரி மாத்திரை போடுகிறவருக்கு ஒரு புட்டி தண்ணீர் கொடுப்பதில் யாருக்கும் நட்டம் வந்துவிடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, படுக்கை விரித்துப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஆளை எடுத்துவிடக்கூடாது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வயதானவர் இருந்தால் கீழ்ப் படுக்கை கிடைக்கும் தேதிக்கே பயணத்தை மாற்றுங்கள். சாப்பாடும் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரும் பட்டர்வொர்த்திலேயே வாங்கிவிடுங்கள். பழைய சால்வை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், குளிர் கடுமை. பேங்காக்கில் 2023 ஜனவரியிலிருந்து நெடுந்தூர ரயில்கள் பழைய ஹுவா லம்போங் நிலையத்துக்குப் போவதில்லை. புதிய நிலையத்தில் இறங்கி வெளியே வர நிறைய நடக்க வேண்டும், அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

இனி நோங் பிளாடுக். 1942இலிருந்து 1943 வரை ஜப்பான்காரன் பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில்பாதை அங்கிருந்துதான் பிரிகிறது. தோட்டத்திலிருந்து தாத்தாவை அந்தப் பாதை வேலைக்குக் கொண்டுபோனபோது அம்மா கைக்குழந்தை. அவர் திரும்பவில்லை. எந்த இடத்தில் இறந்தார் என்று யாரும் வந்து சொல்லவில்லை. அந்த நிலையத்தையாவது ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்று அம்மா நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வண்டி அங்கே நிற்காது, அசந்தால் தாண்டிவிடும். ராத்திரி படுக்கை விரிக்கும்போது நிலையத்தின் பெயரை எழுதியிருந்த தாளைப் படுக்கை பார்ப்பவரிடம் காட்டினேன். அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவை எடுத்துத் தன் உள்ளங்கையில் ஏதோ குறித்துக்கொண்டார்.

காலையில் மற்றப் படுக்கைகளை எல்லாம் மடக்கிவிட்டார். அம்மாவுடையதை மட்டும் விட்டுவைத்தார். பான் போங் தாண்டியதும் வந்து திரையை மெல்ல விலக்கி, குனிந்து, இடப்பக்க ஜன்னலைக் காட்டினார். தண்டவாளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வந்தன. பெயர்ப்பலகை, ஒரு சின்ன நடைமேடை, மழையில் நனைந்த மரங்கள். ஒரு நிமிடம்கூட இல்லை. அம்மா கண்ணாடியில் கைவைத்தபடி இருந்தார். அவர் அதுவரை நடைவழியிலேயே நின்றார்.

பிறகு அம்மா எழுந்து, அவர் தடுத்தும் கேட்காமல், தன் படுக்கையைத் தானே மடித்தார். இரண்டு விரிப்பு, ஓர் உறை, ஒரு போர்வை என்று தமிழிலேயே எண்ணி, அவர் கையில் கொடுத்தார்.