மும்பை மழைக்கு எது தோது: புடவையா, சல்வாரா, குர்த்தி லெக்கிங்ஸா?

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக் கொடியில் நான்கு தலைமுறைத் துணிகள் காய்ந்திருக்கின்றன. பாட்டியின் ஒன்பது கஜம், அம்மாவின் ஆறு கஜம், என் சல்வார் கமீஸ், மகளின் குர்த்தியும் லெக்கிங்ஸும். தினமும் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு எது வசதி என்று கேட்டால், தளர்வாகத் தைத்த காட்டன் சல்வார் கமீஸ் என்பேன். புடவையில் தொடங்கி அதற்கு மாறியவள் நான். அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

தெரிந்த விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். பார்வைக்குப் புடவைதான். தாதர் ஸ்டேஷனில் நெரிசலோடு நெரிசலாக இறங்க, கொசுவத்தை யாரும் மிதிக்காமல் இருக்க, சல்வார்தான். அவசரத்துக்குத் தலை வழியே மாட்டிக்கொண்டு கிளம்ப, குர்த்தி.

ஆனால் உடுத்துகிற நேரத்தை மட்டும் வைத்து வசதியை அளக்க முடியாது. துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, மறுபடி இடுப்புக்கு வரும் வரை ஆகிற வேலையையும் சேர்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊரில் அதுதான் பெரிய பாடு. ஆறு கஜம் என்றால் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர், ஒன்பது கஜம் எட்டு மீட்டருக்கும் மேல். சின்ன ஃபிளாட்டில் அதை முழு நீளத்துக்கு விரிக்க இடமேது? நான்காக மடித்துப் போட்டால் உள்மடிப்பு மறுநாளும் ஈரமாகவே இருக்கும். மழைக்காலத்தில் கஞ்சியும் போட முடியாது. கஞ்சித் துணி சரியாகக் காயாவிட்டால் புளித்த வாடை வரும், பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும். கஞ்சி இல்லாத காட்டன் புடவையில் கொசுவம் நிற்காது. அப்புறம் இஸ்திரிக்காரரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

அம்மா தலைமுறை ஏன் நைலான், பாலியெஸ்டர் பக்கம் போனது என்பது இங்கேதான் புரிகிறது. எண்பதுகளில் பூப்போட்ட கார்டன் வரேலி என்ற கம்பெனியின் செயற்கை இழைப் புடவை கட்டாத, வேலைக்குப் போகிற பெண்கள் எங்கள் கட்டிடத்தில் குறைவு. "அலசி உதறிப் போட்டா போதும்டி, காலையில கட்டிக்கலாம்" என்பார் அம்மா. பருத்தி இழை காற்றிலிருந்தே தன் எடையில் எட்டு சதவீதம் அளவுக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. சீக்கிரம் காய்வதற்கு எது காரணமோ, மே மாத வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கொள்வதற்கும் அதுவேதான் காரணம். அம்மாவுக்கும் அது தெரியும். சமையல், துணி துவைத்தல், ரயில் எல்லாம் ஒருவர் தலையிலேயே விழுந்தபோது, உடம்புக்குக் கிடைக்கும் குளிர்ச்சியைக் கொடுத்து அரை மணி நேரத்தை வாங்கிக்கொண்டார். அந்தத் தலைமுறைக்கு ரசனை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சல்வார் துணியின் கணக்கைப் பாருங்கள். கமீஸுக்கு இரண்டரை மீட்டர், சல்வாருக்கு இரண்டரை, துப்பட்டாவுக்கு இரண்டேகால். கூட்டினால் ஆறு கஜப் புடவையைவிட அதிகம். ஆனால் மூன்று துண்டாக இருப்பதால் கமீஸை ஹேங்கரில் மாட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிடலாம், சல்வாரை ஃபேனுக்கு அடியில் போடலாம். ஒன்று காயாவிட்டாலும் வேறு ஜோடி சேர்த்துக்கொள்ளலாம். பருத்தியின் குளிர்ச்சியும் வேண்டும், புடவையின் பராமரிப்பும் வேண்டாம் என்றால் இதைவிட நல்ல வழி எனக்குத் தென்படவில்லை.

லெக்கிங்ஸ் இன்னும் சீக்கிரம் காயும், மறுக்கவில்லை. ஆனால் அதன் இழுவைக்குக் காரணமான எலாஸ்டேன் இழைக்குச் சூடு ஆகாது. வெந்நீரும் இஸ்திரியும் பட்டால் முட்டிப் பக்கம் தொளதொளத்துவிடும். நனைந்தபடி ஆபீஸில் உட்கார்ந்தால் தொடையோடு ஒட்டி, அரிப்பு, படர்தாமரை வரை போகலாம். ஜீன்ஸ் நான் போட்டதில்லை. மகளைப் பார்த்துச் சொல்கிறேன், ஜூலையில் அது காய்வதற்குள் பொறுமை போய்விடும். ஆனால் வாரம் முழுக்க ஒன்றையே போடலாம் என்கிறாள், அதுவும் ஒரு கணக்குதான்.

இடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிக் கட்டிக் கறுத்துப்போன வளையம் நம் அம்மாக்கள் பலரின் இடுப்பிலும் இருக்கிறது. இடுப்பில் இறுக்கிக் கட்டிய இடம் பல வருடங்கள் உரசிப் புண்ணாகி, இரண்டு பெண்களுக்குத் தோல் புற்றாக மாறியதைப் பற்றி மகாராஷ்டிரத்தின் வர்தாவிலும் பீகாரிலும் உள்ள மருத்துவர்கள் 2024இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். மிக அபூர்வம், பயப்பட வேண்டாம். ஆனால் வீட்டில் தினமும் புடவை கட்டுகிறவர்கள் இருந்தால் அகலப் பட்டையாக நாடா வைத்துத் தரச் சொல்லுங்கள். சல்வாரிலும் நாடா உண்டு, ஆனால் அது கொசுவத்தின் கனத்தைத் தாங்க வேண்டியதில்லை, தளர்வாகவே கட்டலாம்.

புடவை ஜெயிக்கிற இடம் அதன் ஆயுள். உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் ரவிக்கையை மட்டும் மாற்றினால் போதும். அம்மாவின் சுங்குடியை நான் கட்டுகிறேன். என் பழைய கமீஸ் மகளுக்கு ஆகாது. அதனால் வெயிலும் காற்றும் சரியாக இருக்கும் டிசம்பர், ஜனவரியில் காட்டன் புடவையை எடுக்கிறேன்.

சல்வாருக்கு முடிவு செய்துவிட்டால், தாதர் பக்கம் இருக்கும் ஹிந்த்மாதா துணிச் சந்தையில் மழைக்கு முன்பே துணி எடுங்கள். தைக்கக் கொடுக்கும் முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். டெய்லரிடம் பக்கத் தையலில் பாக்கெட் கேட்டு வாங்குங்கள். "லேடீஸ் டிரஸ்ஸுக்கு எதுக்கு" என்பார், விடாதீர்கள்.