மெடினில்லாவா, ஹோயாவா? சென்னை பால்கனிக்கு எது?

பூத்து நிற்கும் மெடினில்லாவைப் பார்த்துவிட்டு நர்சரியிலிருந்து வெறுங்கையோடு வருவது கஷ்டம். அகலமான இலைகளுக்கு நடுவிலிருந்து ரோஜா நிற மடல்கள் அடுக்கடுக்காய்த் தொங்கும். அதற்குக் கீழே பொடிப் பூக்கள், திராட்சைக் கொத்து மாதிரி. நானும் அந்த அழகுக்காகத்தான் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கினேன். முதல் அக்னி நட்சத்திரத்திலேயே இலை ஓரமெல்லாம் கருகிப் போனது. பக்கத்துக் கொக்கியில் தொங்கிய ஹோயா கொடி அதே வாரத்தில் புதுத் தளிர் விட்டது. இரண்டையும் வளர்த்துப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், சென்னைக்கு ஹோயாதான்.

பகல் வெயிலை நிழல்வலை கட்டிச் சமாளித்துவிடலாம். சிக்கல் இரவில்தான் இருக்கிறது. மெடினில்லா மாக்னிஃபிகா, பிலிப்பைன்ஸ் மலைக்காடுகளில் மரக்கிளைகளில் தொற்றி வளரும் செடி. மொட்டு வைக்க அதற்குச் சில வாரங்கள் 15 முதல் 18 டிகிரிக் குளிர் வேண்டும். இங்கே மார்கழி விடியற்காலையிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது குறைவு. சரி, ஏசி அறையில் வைக்கலாமே என்றால், அங்கே காற்று காய்ந்துவிடுகிறது. செடிக்கோ ஈரக்காற்று வேண்டும். மொட்டு வந்த பிறகு தொட்டியை இடம் மாற்றினாலும் மொட்டு உதிரும்.

ஹோயாவுக்கு இந்தப் பிடிவாதம் எல்லாம் இல்லை. நான் வைத்திருப்பது ஹோயா பியூபிகேலிக்ஸ். அதுவும் பிலிப்பைன்ஸ்காரிதான், ஆனால் நம் வெக்கையைத் தாங்குகிறது. முதல்முறை பூத்த அன்று இரவு எட்டு மணிக்கு மேல் பால்கனி முழுக்க வாசனை. அம்மா கொத்தைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "என்னடி இது, பிள்ளையாருக்குப் போடுற எருக்கம்பூ மாதிரியே இருக்கு" என்றார். அம்மா சொன்னது தாவரவியல்படியும் சரி. இரண்டும் ஒரே குடும்பம். அதே மெழுகுப் பளபளப்பு, நடுவில் அதே கிரீடம், இலையைக் கிள்ளினால் அதே பால். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே ஹோயா வைட்டியை என்று ஒன்று உண்டு. மதராஸில் பணியாற்றிய தாவரவியலாளர் ராபர்ட் வைட் பெயரைத் தாங்கியது.

ஹோயாவில் செய்யக்கூடாத தவறு ஒன்று உண்டு. பூ உதிர்ந்ததும் மொட்டையாய் நிற்கும் காம்பை வெட்டிவிடாதீர்கள். அடுத்த முறையும் அதே காம்பில்தான் பூக்கும். அப்புறம், இதய வடிவ ஒற்றை இலையைச் சின்னத் தொட்டியில் நட்டு விற்கிறார்களே, அது ஹோயா கெர்ரி. கணு இல்லாத இலை வேர் விட்டு வருஷக்கணக்கில் பச்சையாய் இருக்கும், ஆனால் கொடியாகாது. இரண்டு கணுவாவது உள்ள தண்டாகக் கேட்டு வாங்குங்கள். சில நூறு ரூபாயில் கிடைக்கும்.

மண் கலவை இரண்டுக்கும் ஒன்றேதான்: தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, கொஞ்சம் மண்புழு உரம். மட்டையை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். அதில் உப்பு இருக்கும். போர் தண்ணீரும் ஆர்ஓ கழிவுநீரும் வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றுகிறேன், உப்பே கிடையாது. ஹோயாவுக்கு மேல்கலவை நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். மெடினில்லாவை அவ்வளவு காயவிடக் கூடாது. மாவுப்பூச்சி இரண்டையும் பிடிக்கும். வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கலாம்.

வெளிச்சத்துக்குக் கிழக்குப் பார்த்த பால்கனி அருமை. காலை வெயில் இரண்டு மணி நேரம் பட்டால் ஹோயாவுக்குக் கொண்டாட்டம். மெடினில்லாவுக்கு அந்த வெயிலும் திரை வழியாக வருவது நல்லது.

மெடினில்லாதான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், மலையில் யாராவது உறவு இருக்கிறார்களா என்று பாருங்கள். என்னுடையதை ஏற்காட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த சித்திரையில் ஏழு கொத்து தொங்கியது.