கூடுதல் குதிரைத்திறனா, நேரான பேப்பரா: இரண்டு பழைய செஸ்னா 172

என் அக்கா மகன் அமெரிக்காவில், டென்வர் பக்கம் இருக்கிறான். விமானம் ஓட்டும் லைசன்ஸ் எடுத்துவிட்டு, சொந்தமாக ஒரு பழைய செஸ்னா 172 (நான்கு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் குட்டி விமானம்) தேடிக்கொண்டிருந்தவன் கடைசியில் இரண்டில் வந்து நின்றான். இரண்டின் பேப்பர்களையும் ஸ்கேன் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா, எதை எடுக்கட்டும்?" என்று கேட்டான். நான் இரத்மலானையில் விமானப் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு அட்டனுக்குத் திரும்பி வந்தவன். நான்கு இரவு உட்கார்ந்து படித்தேன். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் இன்னும் சிலர் இதில் இறங்குவார்கள், விளம்பரப் படத்தைப் பார்த்தே காசு கட்டிவிடுவார்கள் என்ற பயம் இருப்பதால், படித்ததை எழுதி வைக்கிறேன்.

முதலாவது 1975ஆம் ஆண்டு 172எம். 150 குதிரைத்திறன் லைகமிங் எஞ்சின், பெரிய மாற்றம் எதுவும் இல்லை, பழைய ரேடியோ, மங்கிய பெயின்ட். இரண்டாவது 1978ஆம் ஆண்டு 172என். தொழிற்சாலையிலிருந்து வரும்போது இதில் இருந்தது 160 குதிரைத்திறன் ஓ-320-எச்2ஏடி, கேம்ஷாஃப்ட் தேய்மானத்துக்குப் பெயர் கெட்ட எஞ்சின். அதைக் கழற்றிவிட்டு 180 குதிரைத்திறன் ஓ-360 போட்டிருக்கிறார்கள், கூடவே பழைய முள் கருவிகளுக்குப் பதிலாக இரண்டு கார்மின் ஜி5 திரைகள், புதுப் பெயின்ட். விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கிறது.

அவன் இருக்கும் இடத்தில் எஞ்சின் பலம் ஆடம்பரம் இல்லை. அவன் பறக்கும் சென்டெனியல் விமான நிலையம் 5,885 அடி உயரத்தில் இருக்கிறது. நம் நுவரெலியா 6,128 அடி. ஆக, கிட்டத்தட்ட நுவரெலியா டவுனிலிருந்து கிளம்புகிற மாதிரி, அதுவும் நம் குளிர் இல்லாமல். கோடையில் 30 பாகை வெயில் அடிக்கும்போது, ஏதோ 9,000 அடிக்கு மேல் நிற்பதுபோல் காற்று லேசாகிவிடும். 150 குதிரையை வைத்துக்கொண்டு நான்கு பேர் ஏறினால், கினிகத்தேனை ஏற்றத்தில் அளவுக்கு மீறி லோட் போட்ட லொறி மாதிரி முக்கும். லொறிக்காவது ஓரம் கட்ட இடம் உண்டு. அதனால் மனசு முதலில் இரண்டாவது விமானத்துக்குத்தான் போனது.

இனி பேப்பர். அமெரிக்காவில் பதிவான விமானத்தில் பெரிய மாற்றமோ பெரிய பழுதோ செய்தால் படிவம் 337 நிரப்ப வேண்டும். ஒரு பிரதி சொந்தக்காரருக்கு, இன்னொன்று ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) பதிவகத்துக்கு. அந்த மாற்றத்துக்கு ஆதாரமாக நிற்பது பெரும்பாலும் எஸ்டிசி எனப்படும் துணை வகைச் சான்றிதழ், அதாவது அந்த மாற்றத்தின் வடிவமைப்பை எஃப்ஏஏ ஏற்றுக்கொண்டதற்கான சான்று. அது வேறொருவர் பெயரில் இருந்தால், பயன்படுத்திக்கொள்ள அவர் எழுத்தில் தந்த அனுமதியும் வேண்டும், பலர் தேடாமல் விடும் தாள் இதுதான். சின்ன வேலைக்கு லொக்புக்கில் பதிவு போதும். விற்பவர் காட்டும் ஃபைலோடு நின்றுவிடாதீர்கள். ஓக்லஹோமா சிட்டிக் கோப்பின் நகலைச் சில டாலர் கட்டி யாரும் வாங்கலாம், வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் பக்கம் பழைய லொறி வாங்கும்போது பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பரையும் எஞ்சினில் அடித்த நம்பரையும் டோர்ச் அடித்துப் பார்க்காமல் யாராவது காசு கொடுப்போமா?

172எம் கோப்பு மெல்லியது, ஒரு மாலையில் முடிந்தது. ஆனால் "அடிபடாதது" என்று விளம்பரம் போட்டவர் காட்டாத 337 ஒன்று பதிவகக் கோப்பில் இருந்தது: 1991இல் மூக்குச் சக்கரம் அடிபட்டு, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள ஃபயர்வோல் தகட்டை மாற்றியிருக்கிறார்கள். 172ஐ மூக்கு குத்த இறக்கினால் அந்தத் தகடு வளைவது வழக்கம். வேலை ஒழுங்காக நடந்து, ஒழுங்காகக் கையெழுத்தும் ஆகியிருக்கிறது, 30 வருடத்துக்கு மேல் பறந்தும் இருக்கிறது, எனக்கு அந்தப் பழுதில் பயம் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் உறுத்துகிறது. அப்புறம், கழற்றிப்போன ஏடிஎஃப் என்ற பழைய திசைகாட்டும் ரேடியோக் கருவி இன்னும் உபகரணப் பட்டியலில் இருக்கிறது. அதைத் திருத்தி வெற்று எடையை மறுபடி கணக்குப் போட்டால் சரி.

172என் கோப்பைப் படிக்க ஆரம்பத்தில் சந்தோஷமாக இருந்தது. எஞ்சினுக்கு 337 இரண்டு இடத்திலும் இருக்கிறது, எஸ்டிசி அனுமதிக் கடிதம் இருக்கிறது, ஜி5க்கும் எல்லாம் இருக்கிறது. மூன்றாம் இரவுதான் சிக்கியது. இந்த எஞ்சின் மாற்றத்தோடு, ஆள், எரிபொருள் எல்லாம் சேர்த்துக் கிளம்ப அனுமதியுள்ள உச்ச எடையை 2,300 பவுண்டிலிருந்து 2,550க்கு உயர்த்திக்கொள்ளலாம், விளம்பரத்திலும் அந்த 2,550தான் பெரிதாகப் போட்டிருக்கிறது. ஆனால் 172என்னின் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடியும் தகடு) 40 பாகை வரை இறங்கும், எடையை உயர்த்த வேண்டுமென்றால் அதை 30க்குள் கட்டுப்படுத்தியாக வேண்டும். 337இல் ஃபிளாப் பற்றி ஒரு சொல் இல்லை, பறப்புக் கையேட்டின் துணைத்தாளும் ஃபைலில் இல்லை. விமானி இருக்கைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஃபிளாப் லீவரின் பக்கத்தில் 40 என்ற அடையாளம் பளிச்சென்று தெரிகிறது.

வேலை நடந்து தாள் தொலைந்திருக்கலாம். நடக்கவே இல்லை என்றால், சட்டப்படி உச்ச எடை இன்னும் 2,300 பவுண்டுதான், நம்பி வாங்குகிற 250 பவுண்டு, அதாவது 113 கிலோ, விளம்பரத்தில் மட்டும்தான் இருக்கிறது. அது ஒன்றரை ஆள். வாங்கிய பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விற்பவர் சொன்னால் தலையாட்டாதீர்கள். வேறொருவர் செய்த வேலைக்குக் கையெழுத்துப் போட, அனுபவமுள்ள எந்த இன்ஸ்பெக்டரும் முதலில் எல்லாவற்றையும் திறந்து பார்க்கக் கேட்பார், அந்தச் செலவு உங்கள் தலையில் வரும்.

என் முடிவு 172என்தான், அந்த உயரத்துக்கு அதுதான் பொருத்தம். ஆனால் ஃபிளாப் விஷயம் விற்பவர் செலவில், காசு கைமாறுவதற்கு முன்னால் முடிய வேண்டும். மறுத்தால் 2,300 பவுண்டு விமானத்துக்கான விலைதான் கொடுக்கலாம். அதற்கும் ஒத்துவராவிட்டால் 172எம்மை எடுத்து, இரண்டு பேராக, காலைக் குளிரில் பறக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். நேற்று விற்பவருக்கு எழுதியிருக்கிறான்: ஃபிளாப்பை முழுக்க இறக்கி, பக்கத்தில் பாகைமானி வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லி.