ஈமாக்ஸில் பக் எண்ணுக்கு இணைப்பு: தானாகவா, கையாலா?

ஈமாக்ஸ் எடிட்டரில் கோட் எழுதும்போது, கமென்டில் இருக்கும் "#123" போன்ற பக் எண் மேல் கர்சரை வைத்து கன்ட்ரோல்-சி, ரிட்டர்ன் அழுத்தினால் அந்தப் பக் பதிவான இஷ்யூ பக்கம் பிரவுசரில் திறக்க வேண்டும். அதற்கு ஈமாக்ஸிலேயே பக்-ரெஃபரன்ஸ்-பிராக்-மோட் என்ற வசதி இருக்கிறது. எந்த முகவரிக்குப் போவது என்பதை அதற்குச் சொல்லத்தான் இரண்டு வழி.

ஈமாக்ஸ் 28-ஆம் பதிப்பிலிருந்து கிட் ரிமோட்டை, அதாவது கோட் எந்தத் தளத்தில் இருக்கிறது என்ற முகவரியைப் பார்த்து அதுவே ஊகித்துக்கொள்கிறது. கிட்ஹப், கிட்லேப் என்றால் வேலை முடிந்தது.

கோட் கிட்ஹப்பில், டிக்கெட் (பக் பதிவு) ஜிரா என்ற வேறு தளத்தில் என்றால்? அப்போது கையால்தான். ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கான ஈமாக்ஸ் அமைப்புகளை வைக்கும் டிர்-லோக்கல்ஸ் கோப்பில் ரெஜெக்ஸும் (பக் எண்ணைக் கண்டுபிடிக்கும் வடிவம்) முகவரியும் எழுத வேண்டும். ரெஜெக்ஸில் தொகுக்கும் ஒவ்வொரு வளைவு அடைப்புக்குறிக்கு முன்னும் இரட்டைப் பின்சாய்வுக்கோடு. அதுதான் ஆளைப் படுத்தும். சரி, ஒருமுறை எழுதி ரெப்போவில் கமிட் செய்துவிட்டால் ஈமாக்ஸில் இந்த மோடை இயக்கியிருக்கும் மற்றவர்களுக்கும் அதே இணைப்பு. கையால் எழுதியது இருந்தால் ஊகம் ஒதுங்கிக்கொள்ளும். குழுவாக வேலை செய்யும் இடத்தில் நான் இதைத்தான் எடுப்பேன்.