பொதுப் பட்டறையில் ஒரு மரப்படகு: இரண்டேகால் ஆண்டு வாடகைக் கணக்கு

செம்பூரில் இரண்டு அறை வீட்டில் குடியிருக்கும் நான், உரண் பக்கத்துக் கரையில் பல ஆண்டுகளாகக் கவிழ்ந்து கிடந்த 14 அடி ஹோடி (சிறிய மரப்படகு) ஒன்றை முன்பின் யோசிக்காமல் வாங்கிவிட்டேன். தேக்குப் பலகை, கருவேல வங்கு (பலகைகளை உள்ளிருந்து தாங்கும் விலாச் சட்டம்), இரும்பு ஆணி. அதை வைக்க இடம் தேடி அலைந்து, 2021 அக்டோபரில் நவி மும்பையின் துர்பே தொழிற்பேட்டையில் உள்ள பொதுப் பட்டறை ஒன்றில் 18 அடிக்கு 8 அடி இடத்தை மாதம் 6,500 ரூபாய்க்கு எடுத்தேன். நாற்காலி செய்பவர், கிதார் செய்பவர், ஒட்டுப்பலகையில் பாய்மரப் படகு கட்டும் இரு கல்லூரி மாணவர்கள் என்று பலரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் இடம் அது.

சேர வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது என்னென்ன இயந்திரங்கள் இருக்கின்றன என்பதைத்தான். நானும் அதைக் கேட்டுத்தான் சேர்ந்தேன். இப்போது குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தால், நான் இயந்திரத்தைத் தொட்ட நாட்கள் மாதத்துக்கு நான்கைந்தைத் தாண்டவில்லை. மற்ற நாட்களில் படகு சும்மா நின்றது, நான் வாடகை கட்டினேன். மரப்படகைச் சீரமைப்பதில் பெரும்பகுதி காத்திருப்பதுதான் என்பதையும், பொதுப் பட்டறை நமக்கு விற்பது இயந்திரத்தை அன்று, அந்தக் காத்திருப்பை என்பதையும் புரிந்துகொள்ள எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது.

மும்பையில் இதன் காரணம் மழைதான். பட்டறையின் ஈரமானியை ஜனவரியில் ஒரு பலகையில் குத்தினால் 12 விழுக்காடு காட்டும். ஜூலையில் அதே பலகையில் 19 காட்டும். அவ்வளவு ஈரமான மரத்தில் எபாக்சிப் பசையை நம்பி ஒட்ட முடியாது. ஒட்டினாலும், காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து மேற்பரப்பில் மெழுகுபோல ஒரு படலம் படரும். அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் நேரே மணல்தாள் போட்டால் அடுத்த பூச்சு பிடிக்காது. சரி, மழைக்காலத்தில் பசை வேண்டாம், தச்சு வேலையையாவது பார்க்கலாம் என்றால் தச்சர் கிடைக்க மாட்டார். மகாராஷ்டிரத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இயந்திரப் படகுகளுக்கு மீன்பிடித் தடை. கோளி மீனவர்கள் படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்ப்பது அப்போதுதான். எங்களுக்கு வழிகாட்டும் கொங்கணத்து முதியவர், ஆகஸ்ட் வாக்கில் வரும் மீனவர் திருநாளான நாரளி பூர்ணிமைக்குத் தேங்காயைக் கடலில் விட்ட பிறகுதான் பட்டறைப் பக்கம் தலைகாட்டுவார். ஆக, இரண்டு மழைக்காலங்களில் எட்டு மாதம் படகைத் தொடாமலே 52,000 ரூபாய் கட்டியிருக்கிறேன். சேரும்போது இதை யாரும் சொல்லவில்லை.

கோடை வேறு வகைச் சோதனை. 2022 ஏப்ரலில் தகரக் கூரையின் வெக்கையில் பலகைகள் சுருங்கி, இடைவெளிகளில் ஐந்து ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்துவிட்டன. மரத்தூளை எபாக்சியில் குழைத்து எல்லாவற்றையும் நானே அடைத்தேன். மணல்தாள் போட்டபின் பார்க்க அழகாகவே இருந்தது, சுற்றியிருந்தவர்களும் பாராட்டினார்கள். அந்த முதியவர் வந்து, கை முட்டியால் பலகையைத் தட்டிப் பார்த்து, இது தண்ணீர் குடித்து உப்பும்போது எங்கே போகும் என்று மராத்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். விளிம்போடு விளிம்பு சேர்த்த பலகைகள் நீரில் அகலவாக்கில் உப்பி ஒன்றையொன்று நெருக்கித்தான் கசிவை அடைக்கின்றன. நடுவில் கல்போன்ற பசை இருந்தால் அந்த அழுத்தம் ஆணிகளை வங்கிலிருந்து பிடுங்கும், இல்லையேல் வங்கையே முறிக்கும். அடைத்ததை எல்லாம் சுரண்டி எடுக்க எனக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

பிறகு பஞ்சுத் திரியை வைத்துக் கலப்பத்து அடிக்க, அதாவது பலகை இடைவெளிகளை அடைக்கக் கற்றேன். தூத்துக்குடியில் பிறந்தவனாதலால் அந்தச் சொல் எனக்குத் தெரியும், கைதான் தெரியாது. ஓங்கி அடித்தால் பஞ்சு உட்பக்கம் பிதுங்கிவிடும், தயங்கி அடித்தால் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். சரியாக இறங்கியதும் சுத்தியலின் சத்தம் மந்தமாக இருந்ததிலிருந்து கணீரென்று மாறும். தனி வீட்டுக் கொல்லையில் வேலை செய்திருந்தால் அந்தச் சத்தத்தை எனக்குக் காட்டித்தர யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பொதுப் பட்டறைக்குக் கொடுத்த காசு முழுமையாகத் திரும்பி வந்த நாள் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், 2023 பிப்ரவரியில் படகின் முன்முனையான அணியத்தின் பலகைகள் இரண்டை மாற்றிய நாளைச் சொல்வேன். ஆணியின் துரு பரவி, துளைகளைச் சுற்றித் தேக்கு கறுத்து மெத்தென்று ஆகியிருந்தது. புதிய பலகை அணியத்தை நோக்கி வளைவதோடு முறுக்கவும் வேண்டும் என்பதால் ஆவியில் வேகவைத்தாக வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. முக்கால் அங்குலப் பலகையை முக்கால் மணி நேரம் பெட்டியில் வைத்து வெளியே எடுத்தால், அது வளைந்துகொடுப்பது ஒரு நிமிடம்கூட இல்லை. அதற்குள் இடத்தில் பொருத்தி, முறுக்கி, கிளாம்புகளை இறுக்கிவிட வேண்டும். நாற்காலிக்காரரும் அந்த மாணவர்களும் தங்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கையுறையோடு வந்து நின்றார்கள். முதல் பலகை பிளந்துவிட்டது. இரண்டாவதும் மூன்றாவதும் உட்கார்ந்தன.

குறைகளில் முதலாவது, பொதுக் கருவியை யாரும் தன் கருவியாக நினைப்பதில்லை என்பது. ரே ரோடு லக்டி பந்தரில் கிடைக்கும் பழைய கட்டட உத்தரங்கள் அருமையான தேக்கு. ஆனால் உள்ளே ஆணி ஒடிந்து கிடக்கும். யாரோ அப்படிப்பட்ட ஒன்றைச் சோதிக்காமல் இழைப்பு இயந்திரத்தில் விட்டதால், மூன்று மாதம் எங்கள் பலகைகள் அனைத்திலும் ஒரே மாதிரிக் கோடு விழுந்தது. தேக்கில் சிலிக்கா இருப்பதால் அலகு எப்படியும் சீக்கிரம் மழுங்கும் என்பதை நிர்வாகம் அந்தக் கோட்டுக்கும் விளக்கமாகச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாவது குறை தூசி. வார்னிஷ் பூச ஏற்பாடு செய்திருந்த தாராவிப் பாலிஷ்காரர், திருநெல்வேலிப் பூர்விகம் கொண்ட அண்ணாச்சி, உள்ளே நுழைந்ததும் சுற்றிலும் பார்த்துவிட்டு, “இந்தப் பொடியில அடிச்சா மணல்தாளு மாதிரிதான் இருக்கும் சார்” என்று தூரிகையைக் கூட எடுக்காமல் திரும்பிவிட்டார். கடைசியில் அண்டை இடத்துக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, யாரும் மரம் அறுக்காத காலை ஏழு மணியில் நாங்களே பூசினோம்.

இவ்வளவுக்கும் ஃபைபர் படகே வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விடை ஒன்றுதான்: 1817-இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டிய ட்ரிங்கோமலி என்னும் போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. அதற்கும் பெரும் சீரமைப்பு தேவைப்பட்டது என்பதை நான் சொல்வதில்லை.

2024 ஜனவரியில் படகை இறக்கினோம். அதற்கு முன் ஒரு வாரம் உட்புறம் முழுவதும் ஈரச் சாக்குகளைப் பரப்பி வைத்திருந்தோம். அப்படியும் முதல் இரண்டு நாள் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தேன், மூன்றாம் நாள் கசிவு நின்றது. சேர விரும்புகிறவர்கள் இயந்திரப் பட்டியலைப் பார்க்கும் முன், மழைக்காலத்துக்கு அரைக் கட்டணம் உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளவும், கதவின் அகலத்தைத் தாங்களே அளக்கவும் வேண்டும். எங்கள் படகை வெளியே கொண்டுவரக் கதவை நிலையோடு கழற்ற வேண்டியிருந்தது. அந்தக் கூலி 3,800 ரூபாயை நான்தான் கொடுத்தேன்.