46 மணி நேர பலூன் பம்ப்: திருவனந்தபுரத்தில் மாட்டி வீட்டுக்குக் கொண்டுவரும் கீமோ

பாறசாலை, களியக்காவிளை, குழித்துறைப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கீமோவுக்குப் போகிறவர்கள் பலூன் பம்பைத் தயங்காமல் ஏற்கலாம்; மருந்து நிரப்பிய பலூன் தானே சுருங்கி மருந்தைத் தள்ளும் சிறு பம்ப் இது. பெருங்குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஃபோல்ஃபாக்ஸ் கூட்டு மருந்துச் சிகிச்சையில் ஃப்ளூரோயுராசில் என்ற மருந்து 46 மணி நேரம் விடாமல் ஏற வேண்டும். போர்ட்டில் (மார்புத் தோலுக்கு அடியில் வைத்த, ரத்தக் குழாயோடு இணைந்த சிறு அறை) மாட்டி, பம்பை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு சாயங்கால பஸ் ஏறிவிடலாம்; வார்டில் இரண்டு இரவு மிச்சம். கரண்டும் பேட்டரியும் வேண்டாம்.

கவனம் வேண்டியது பம்பில் மருந்து நிரப்புவதில். உடல் பரப்பு 1.6 சதுர மீட்டர் என்றால், சதுர மீட்டருக்கு 2400 மி.கி. வீதம் 3840 மி.கி. மில்லிக்கு 50 மி.கி. உள்ள மருந்தில் அது 76.8 மில்லி. மணிக்கு 5 மில்லி ஓடும் பம்புக்கு மொத்தம் 230 மில்லி வேண்டும், மீதி 153.2 மில்லி டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்). டெக்ஸ்ட்ரோஸுக்கு அளவிட்ட பம்பில் சலைன் (உப்புக் கரைசல்) விட்டால் ஏறத்தாழ 10% வேகம் கூடி, 42 மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும்.

குழாய் முனையில் இருக்கும் மெல்லிய துவாரம்தான் வேகத்தைப் பிடித்து வைக்கிறது. அது தோலின் சூட்டுக்கு அளவிட்டது. ஒரு டிகிரி குறைந்தால் வேகம் சுமார் 2% குறையும். அதைத் தோலோடு ஒட்டிய பிளாஸ்திரி கழன்று ஏசி காற்றில் கிடந்தால் 51 மணி நேரம்கூட இழுக்கும். பலூன் சுருங்குவது முதல் சில மணி நேரம் கண்ணுக்குத் தெரியாது. குழாயை இழுக்காமல் பம்பைச் சமையலறை டிஜிட்டல் தராசில் வையுங்கள்: 24 மணி நேரத்தில் சுமார் 120 கிராம் குறைய வேண்டும். சில மணி நேரத்திலேயே காலியானால் குழாயில் உள்ள கிளாம்பை மூடி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முறிமருந்தான யூரிடின் டிரையசிடேட்டை, மருந்து ஏறி முடிந்த 96 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

எலக்ட்ரானிக் பம்ப் அடைப்பு வந்தால் கத்தும், மோட்டார் வேகத்தைத் தானே திருத்தும். ஆனால் ரத்தத்தில் மருந்து எவ்வளவு என்று அதற்கும் தெரியாது. உண்மையான பின்னூட்டம் ரத்தப் பரிசோதனைதான்: மருந்து ஓடும்போதே எதிர்க்கையில் ரத்தம் எடுத்து, அதிலுள்ள மருந்தின் அளவை 46 மணி நேரத்தால் பெருக்கினால் லிட்டருக்கு 20 முதல் 30 மி.கி.-மணிக்குள் வர வேண்டும். குறைந்தால் அடுத்த சுற்றில் டோஸ் கூடும், மிஞ்சினால் குறையும். இதில் ஒரு பொறி உண்டு. குளிரில் பம்ப் மெதுவாக ஓடிய நேரத்தில் ரத்தம் எடுத்தால் அளவு பொய்யாகக் குறைந்து, தேவையில்லாமல் டோஸ் ஏறிவிடும். அதனால் ரத்தம் எடுக்கும்போது பம்பின் எடையையும் குறித்துக் கொடுங்கள். ரத்த அணுக்களில் உள்ள நொதி, ரத்தம் எடுத்த குழாய்க்குள்ளும் மருந்தைச் சிதைக்கும். மார்த்தாண்டத்தில் எடுத்து அனுப்புவதாக இருந்தால், உடனே ஐஸில் வைத்துப் பிளாஸ்மா (அணுக்கள் நீக்கிய நீர்ப்பகுதி) பிரிக்கும் லேபா என்று முதலில் கேளுங்கள்.