கர்ப்பப்பை இறக்கம்: வளையமா, அறுவைச் சிகிச்சையா?

தாங்கிப் பிடிக்கும் தசை தளர்ந்து, கர்ப்பப்பை பிறப்புறுப்பு வழியே அடியிறங்கிய பெண்ணிடம், “இது புற்றுநோய் இல்லை, பயப்படாதீர்கள்” என்று மருத்துவர் சொல்லி அனுப்புவார். வீட்டுக்கு வந்த அம்மாவுக்கோ இரவு முழுக்கத் தூக்கம் வராது. பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை இந்தத் தைப்பூசத்தில் ஏற முடியுமா? இருமினால் சிறுநீர் கசிந்துவிடுமா? பினாங்கில் கல்யாண விருந்துக்குப் போனால் கழிப்பறைக்குப் பக்கத்து நாற்காலியைத் தேடி உட்கார்ந்து, மாற்று உள்ளாடை மடித்து வைத்த கைப்பையை மடியிலிருந்து இறக்காத அத்தைமார்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் கணவரிடம்கூட வாய் திறந்ததில்லை. பல பிரசவம், பால்மரக் காட்டில் வாளி தூக்கிய ஆண்டுகள், மாதவிடாய் நின்றபின் தளரும் தசை என்று காரணங்கள் பல. பழி சுமக்க வேண்டியவர்கள் அவர்கள் அல்லர்.

ஆகவே எந்தச் சிகிச்சை சதையைச் சரியாகத் தூக்கி நிறுத்துகிறது என்பதோடு, எது எந்தக் கவலையை இறக்கி வைக்கிறது என்றும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இறக்கம் லேசாக இருந்தால் இடுப்புத்தளப் பயிற்சியே போதலாம். சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல் தசையை இறுக்கிப் பிடித்து விட வேண்டும்; நான்கு மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். வெளியே தொங்கும் அளவுக்கு இறங்கிவிட்டால் இதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

அடுத்தது பெஸரி என்னும் சிலிகான் வளையம். மயக்க மருந்து இல்லாமல் கிளினிக்கிலேயே பொருத்துவார்கள். பொருத்தியதும் நடக்க, குந்த, இரும, சிறுநீர் கழிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். நழுவினால் வேறு அளவு. சரியான அளவு அமைந்தால் உள்ளே ஒன்று இருப்பதே தெரியாது. கத்திக்கு அஞ்சுகிறவர்களுக்கும், சர்க்கரையோ இதய நோயோ உள்ளவர்களுக்கும் இது பெரிய ஆறுதல். பிடிக்கவில்லையென்றால் எடுத்துவிடலாம். ஆனால் சில மாதங்களுக்கு ஒருமுறை போய்க் கழற்றிச் சுத்தம் செய்து, புண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளைப்படுதல் கூடலாம், வறட்சிக்கு ஈஸ்ட்ரோஜென் என்னும் ஹார்மோன் களிம்பு தருவார்கள். பரிசோதனை மேசையில் படுப்பதே வேதனையாக இருக்கும் பெண்ணுக்கு, ஒவ்வொரு தேதியும் நெருங்க நெருங்க நெஞ்சு படபடக்கும். இந்த விலையை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தானே கழற்றி மாட்டக் கற்றுக்கொள்ளும் பெண்களும் உண்டு. கேட்டால் தாதியர் சொல்லித் தருவார்கள்.

அறுவைச் சிகிச்சையில் பெரும்பாலும் பிறப்புறுப்பு வழியாகவே கர்ப்பப்பையை எடுத்து, தளர்ந்த சுவரைத் தைத்து இறுக்குவார்கள். வயிற்றில் தழும்பு இருக்காது. முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்தும் முடிப்பதுண்டு. மாதக்கணக்கில் மனத்தில் தொங்கிய பாரம் ஒரே மூச்சில் இறங்கும். பிறகு சுமார் 6 வாரம் அரிசி மூட்டையும் தூக்கக்கூடாது, பேரப்பிள்ளையையும் தூக்கக்கூடாது. வீட்டு வேலையெல்லாம் தன் தலையிலேயே இருக்கும் பெண்ணுக்கு இதுவே புதுக் கவலையாகிவிடும். சிலருக்கு இறக்கம் திரும்பவும் வரும். அதுவரை இல்லாத சிறுநீர்க் கசிவு சிலருக்குத் தொடங்குவதும் உண்டு. இந்த இரண்டையும் கையெழுத்துப் போடுமுன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரும்பாலோருக்கு வளையத்தையே முதலில் சொல்வேன், பின்வாங்க வழி இருப்பதால். ஆனால் பரிசோதனைத் தேதிகளே தூக்கத்தைக் கெடுத்தால், உடல் தாங்கும் வயதிலேயே அறுவைச் சிகிச்சை செய்துகொள்வது நல்லது.

பக்கத்து அரசு சுகாதாரக் கிளினிக்கில் கடிதம் வாங்கினால், ரெசிடென்சி சாலையிலுள்ள பினாங்கு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்கலாம். மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணம் சொற்பம்தான். மலாயில் பேச்சு ஓடாதவர்கள் மகனை அழைத்துப் போனால் பாதியைச் சொல்லாமலே திரும்புவார்கள். மகளோ மருமகளோ உடன் வரட்டும். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மேலே சொன்ன ஒப்பீடு எதுவும் பொருந்தாது. அது வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம். அந்த வாரமே மருத்துவரிடம் போய்விடுங்கள்.